ஐந்து பக்க நட்டு

மல்லாவித் தண்ணீர்த் திட்டத்தில்
களஞ்சியப் பொறுப்பு எனக்கு.
மாதம் முப்பத்தெட்டாயிரம், ஒரு தகரக் கொட்டில்,
பூட்டு இரண்டு, திறப்பு மூன்று.

முதல் கொள்கலன் வந்த இரவு மழை.
லொறி துணுக்காய்ப் பக்கம் புதைந்தது.
உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்தோம்.
பெட்டிகளில் ஒரு நீலக் கொடி,
கீழே, இன்ன நாட்டு மக்களின் அன்பளிப்பு.
நாட்டின் பெயர் இருந்த இடத்தில்
ஈரம் பட்டு மை கரைந்திருந்தது.

எண்ணிப் பதிந்தேன்.
பம்பி நான்கு. வடிகட்டிச் சவ்வு இருபத்தெட்டு.
குழாய், வால்வு, வயர், சிமெந்தில் கலக்கிற பொடிகூட.
மணல் மட்டும் எங்களுடையது.
கப்பல் கூலி கட்டுப்படியாகியிருந்தால்
அதையும் கொண்டுவந்திருப்பார்கள்.

நான்காம் பெட்டியில் ஒரு நட்டு
என் உள்ளங்கையில் உருண்டது.
ஐந்து பக்கம்.
நாலு பக்கம் பார்த்திருக்கிறேன், ஆறு பார்த்திருக்கிறேன்.
பங்கருக்கு மேல் போட்ட தண்டவாளத்தில்
அண்ணன் கழற்றிய நட்டும் ஆறுதான்.
ஐந்துக்கு வன்னியில் சாவி இல்லை.

பொறியியலாளர் யோஸ்டிடம் கேட்டேன்.
நல்ல மனிதர். உறைப்புத் தின்னப் பழகியவர்.
ஒப்பந்தத்தை விரித்துக் காட்டினார்:
பதினாலாம் பிரிவு, உபபிரிவு ஈ.
சாமான் அந்த நாட்டிலிருந்து,
உதிரிப்பாகம் அதே கொம்பனியிடமிருந்து,
திறப்பவர் அவர்கள் பயிற்றுவித்த ஆள்.
"எங்கட சனம் வரி கட்டின காசு," என்றார்,
"திரும்பி வரத்தானே வேணும்?"
அதில் பிழையொன்றும் எனக்குத் தெரியவில்லை.
அன்று சம்பள நாள்.

டெண்டருக்குக் கந்தோர்த் தமிழில் கேள்வி என்று பெயர்.
கேள்விப் பத்திரம், கேள்விச் சபை,
கேள்வி மூடும் திகதி.
இத்தனை கேள்விக்குள்ளும்
எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
கையெழுத்து எங்கே வைக்கிறீர்கள்?

தண்ணீர் வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.
கேத்திலின் அடியில் வெள்ளை படிவது நின்றது.
என் மகள் குழாயடியில் கை ஏந்திக் குடித்த படம்
மறுவருடம் கொம்பனியின் கலண்டரில் வந்தது.
ஓகஸ்ட் மாதம் அவள்.

பங்குனியில் மூன்றாம் பம்பி படுத்தது.
மின்னஞ்சலுக்குப் பதில் நான்கு நாளில்,
பாகம் வரப் பதினொரு கிழமை.
கனகசூரியத்துக்குப் பொறுமை இல்லை.
லொறி வில்லுத்தகடு ஒன்றை அறுத்து
மாங்குளத்தில் இரவிரவாய் அராவி
ஐந்து பக்கத்துக்கு ஒரு சாவி செய்தார்.
கழற்றினால் உள்ளே வாஷர் ஒன்று,
நாற்பது ரூபாய்ச் சாமான், தேய்ந்திருந்தது.
பம்பி ஓடியது.
உத்தரவாதம் நின்றது.
கடிதம் மிக மரியாதையாக இருந்தது.
அந்தச் சாவியைப் பதியப் புத்தகத்தில் நிரல் இல்லை.
நான் வைத்துக்கொண்டேன்.

இப்போது கிளிநொச்சியில், ஏ-ஒன்பது றோட்டில்,
கண்ணாடிக் கதவு போட்ட காட்சியறை.
பெட்டியில் இருந்த அதே நீலம்.
வீட்டு வடிகட்டி, கடை வடிகட்டி, தவணைக்கும் உண்டு.
திட்டம் முடிந்து போகவில்லை,
கடை எடுத்துக் குடிவந்துவிட்டது.
ரிப்பன் வெட்டிய அன்று யோஸ்ட் பேசினார்:
மல்லாவியில் படித்தோம்,
அடுத்தது மாலைதீவு, அதற்கடுத்தது மடகஸ்கார்.
கை தட்டினோம். பலமாகத் தட்டியது நான்தான்.
விற்பனை முகாமையாளர் இப்போது நான்.

நேற்று கனகசூரியம் வந்தார்.
வேண்டாம் வேண்டாம் என்னச் செருப்பை வெளியே கழற்றினார்.
இருக்கிறதில் சின்னது என்ன விலை என்றார்.
சொன்னேன்.
இன்னொருதரம் சொல்லச் சொன்னார்.

தவணைப் படிவத்துக்குப் பேனை எடுக்க
லாச்சியை இழுத்தேன்.
சாவி கிடந்தது, சில்லறைக் காசுக்குப் பக்கத்தில்.
அவர் கண்டார்.
"துரு பிடிக்கேல்லை," என்றார்.

அடையாள அட்டை இலக்கம் கேட்டேன்.
ஒவ்வொன்றாய்ச் சொன்னார், நான் எழுதினேன்.